மூன்று எடைகளும் ஒரு எக்ஸ்ரேயும்: குளத்துப்புழைத் தம்பியின் சர்க்கரை நோய்

அவருடைய நோட்டில் எடை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறது. 51 கிலோ, 48 கிலோ, 44 கிலோ. ஒன்றரை வருடத்துக்குள் எழுதிய எண்கள். மூன்றும் என் கையெழுத்து. முதல் இரண்டு தடவையும் எழுதி முடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை அவர் எடை மெஷினிலிருந்து இறங்கும்போதுதான் கவனித்தேன், பேண்ட் நழுவாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். அப்புறம்தான் நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினேன்.

நான் செங்கோட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் செவிலியர். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது, பாதத்தைப் பார்ப்பது என் வேலை. ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள தமிழர்கள் எங்களிடம் நிறைய பேர் வருவார்கள். கழுதுருட்டி, தென்மலை, குளத்துப்புழை என்று வரிசையாக ஊர்கள். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். திருவனந்தபுரத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில் குளத்துப்புழையில் ஏறினால் இங்கே வந்து இறங்கிக்கொள்ளலாம். மாத்திரை அங்கே வாங்கி, ஊசி இங்கே வாங்கி, ரத்தப் பரிசோதனையை எங்கே சௌகரியமோ அங்கே செய்துகொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தம்பியின் கதையை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு அப்போது 29 வயது. ரப்பர் பால் வெட்டும் வேலை. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த குடும்பம். தாத்தா மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அப்படி வந்தவர்களுக்காகவே புனலூர் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் போட்டார்கள். அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்றும் வீட்டில் தமிழ், கடையில் மலையாளம் என்று வாழ்கிறது.

சர்க்கரை இருப்பது 23 வயதில் ஒரு மருத்துவ முகாமில் தெரியவந்தது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு சர்க்கரை மாத்திரைகள் கொடுத்தார்கள். ஆறு வருடம் விழுங்கினார். சர்க்கரை 250க்குக் கீழே இறங்கவே இல்லை. போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு, "வாயைக் கட்டு, சோற்றைக் குறை." அவரும் குறைத்தார். முதலில் ராத்திரிச் சோறு போனது, அப்புறம் கிழங்கு, அப்புறம் பழம். மலைச்சரிவில் நாளுக்கு முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டுகிற ஆள் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டார். எண் இறங்கவில்லை, ஆள்தான் இறங்கினார்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2023இல் வெளியான ஆய்வின்படி, 20 வயது தாண்டியவர்களில் நாடு முழுவதும் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கேரளத்தில் அது 25.5 சதவீதம். நாலில் ஒருவருக்கு இருக்கிற நோய் என்றால் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடுகிறது. எண் கூடினால் மாத்திரையைக் கூட்டுவோம், வயிறு பெரிதாக இருந்தால் நடக்கச் சொல்வோம். ஒட்டிய வயிறோடு ஒருவர் வந்து நின்றாலும் அதே அச்சடித்த உணவுத்தாளை எடுத்து நீட்டிவிடுகிறோம். நானும் நீட்டியிருக்கிறேன்.

மூன்றாவது தடவை வந்த அன்று எடுத்த கணக்கு இது. உயரம் 168 செ.மீ., எடை 44 கிலோ, உடல் எடைக் குறியீடு 15.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை 286. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 12.4. சிறுநீரில் கீட்டோன், அதாவது இன்சுலின் அற்றுப்போன உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம், இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எங்கள் டாக்டரை நிமிர்ந்து உட்கார வைத்தது. இத்தனை ஒல்லியான இளவயதுக்காரருக்கு இவ்வளவு சர்க்கரை என்றால் முதலில், உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோய் என்ற சந்தேகம்தான் வரும். ஆனால் அந்த வகைக்காரர் இன்சுலின் இல்லாமல் ஆறு வருடம் நடமாட முடியாது. கீட்டோன் ஏறி எப்போதோ மயங்கி விழுந்திருப்பார். அப்படியானால் இது வேறு ஏதோ.

டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சர்க்கரையை விடுங்க சிஸ்டர். சின்ன வயசிலிருந்து உடம்புக்கு என்னென்ன வந்துச்சுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க."

கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. பதினோரு வயதிலிருந்து வயிற்றுவலி. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும். வந்தால் இரண்டு மூன்று நாள். தலையணையை வயிற்றில் அணைத்துக் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று அப்பா அடித்திருக்கிறார். அப்புறம் வாயு என்றார்கள், குடல்புண் என்றார்கள். சர்க்கரை வந்த பிறகு வலி குறைந்துவிட்டதால் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

வெளிக்குப் போவது எப்படி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது பதில். "நாலஞ்சு வாட்டி போகுது சிஸ்டர். தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது. எண்ணெய் மாதிரி மேல மிதக்குது. சுகர் மாத்திரை அப்படித்தான் செய்யும்னு சொன்னாங்க."

மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கு தருவது உண்மைதான். அதனால்தான் அந்தப் பதிலை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் மெட்ஃபார்மினால் மலத்தில் எண்ணெய் மிதக்காது. சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறினால்தான் மிதக்கும். கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதி கணையத்திலிருந்து வருகிறது. இன்சுலினும் அதே கணையத்திலிருந்துதான் வருகிறது.

அன்று மதியமே வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவ்வளவு சின்ன பரிசோதனை. வெளிச்சப் பலகையில் மாட்டினதும் எனக்கே தெரிந்தது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும், கணையம் படுத்திருக்கும் இடத்தில், உடைத்த கற்கண்டு சிதறினாற்போல வெள்ளைக் கற்கள். பிறகு எடுத்த ஸ்கேனில் கணையம் சுருங்கியிருந்தது, அதன் குழாய் வீங்கி உள்ளே கல் அடைத்திருந்தது.

அந்தக் கற்களின் பெயர்

கணையத்தில் கல்லும் தழும்பும் விழுந்து அதனால் வரும் சர்க்கரை நோய் இது. ஆங்கிலத்தில் ஃபைப்ரோகால்குலஸ் பேன்கிரியாட்டிக் டயபடிஸ், இங்கே கணையக் கல் நோய் என்று சொல்கிறேன். முதல் வகையிலும் சேராது, இரண்டாம் வகையிலும் சேராது. வெப்பமண்டல நாடுகளில், அதிலும் ஏழைக் குடும்பங்களில், சின்ன வயதிலேயே வரும். மது அருந்தாதவருக்கும் வரும். 1959இல் இந்தோனேசியாவில் சுய்டெமா என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார். அதன் பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். உலகத்தில் இந்த நோய் அதிகம் பதிவான இடங்களில் கேரளமும் ஒன்று. சிறுவயதில் வயிற்றுவலி, வளரும் வயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் மரணம் என்று அந்தக் காலத்தில் இதன் போக்கைச் சொன்னார்கள். இப்போது அப்படியில்லை. கண்டுபிடித்துச் சரியாகக் கவனித்தால் நெடுநாள் வாழ்கிறார்கள். கண்டுபிடிக்க வேண்டும், அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 1985இல் சர்க்கரை நோயை வகை பிரித்தபோது ஊட்டக்குறைவோடு சேர்ந்த சர்க்கரை நோய் என்று தனி வகை வைத்து இந்தக் கணையக் கல் நோயையும் அதில் சேர்த்தது. 1999இல் அந்த வகையையே எடுத்துவிட்டது. கணையக் கல் நோயைக் கணைய நோய்களால் வரும் சர்க்கரையோடு சேர்த்தார்கள். கல் இல்லாத, ஊட்டக்குறைவால் மட்டும் வரும் வகை வெகுநாள் பெயரில்லாமல் கிடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அதில் ஆராய்ச்சி செய்துவந்தார்கள். 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு ஐந்தாம் வகை என்று பெயர் கொடுத்தது. இவருக்கு வந்தது அதுவல்ல. ஆனால் ஒல்லியாகச் சர்க்கரையோடு வருகிறவர் எல்லாரும் ஒரே நோய்க்காரர் அல்ல என்பதை இதெல்லாம் நினைவுபடுத்துகிறது.

அடுத்த வாரம் அவருடைய அம்மா வந்தார். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கப்பை தின்றால் கணையத்தில் கல் வரும் என்று. "கிழங்கு குடுத்து நான்தான் புள்ளயக் கெடுத்துட்டேனா சிஸ்டர்? அரிசி வாங்க வழியில்லாத நாள்ல அதைத்தானே அவிச்சுக் குடுத்தேன்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே பாதி இந்தக் கட்டுரை. நாங்கள் மரச்சீனி என்று சொல்கிற கிழங்கு, அங்கே கப்பை. திருவிதாங்கூரில் பஞ்சம் தீர்த்த பயிர். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது இதுதான். இந்த நோய் கேரளத்தில் அதிகம் இருந்ததும், ஏழைகள் கப்பை அதிகம் தின்றதும் ஒன்றாகக் கண்ணில் பட்டதால் ஒரு சந்தேகம் எழுந்தது. பச்சைக் கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய சத்து உண்டு. புரதம் குறைவான உடம்பால் அதை முறிக்க முடியாமல் கணையம் கெடுகிறதோ என்று நினைத்தார்கள். வெகுநாள் அதை நம்பினார்கள். ஆனால் கப்பையே சாப்பிடாத ஊர்களிலும் இந்த நோய் இருந்தது. கப்பை தின்று வளர்ந்த கோடிக்கணக்கானவர்களுக்கு வரவில்லை. பின்னால் மரபணு ஆராய்ச்சி வந்தபோது, கணையத்தைத் தன் நொதியிடமிருந்தே காக்கிற ஒரு புரதத்தின் மரபணுவில், ஸ்பிங்க்1 என்பார்கள், மாற்றம் உள்ள நோயாளிகள் நிறையப் பேர் இருப்பது தெரிந்தது. கணையத்தின் நொதி குடலுக்குப் போய்த்தான் வேலை செய்ய வேண்டும். கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் தன்னையே தின்றுவிடும். அந்தக் காவல் பலவீனமாகப் பிறந்த பிள்ளைக்கு ஊட்டக்குறைவோ வேறு ஏதோ சேரும்போது நோய் மூளுகிறது என்பது இன்றைய புரிதல்.

அந்த அம்மாவிடம் மரபணு என்று ஆரம்பிக்கவில்லை. "அம்மா, நீங்க குடுத்த கிழங்குதான் அவரை வளர்த்துச்சு. அதனால வரல" என்றேன். நன்றாக அவித்து, தண்ணீரை வடித்து, மத்திக் குழம்போடு சாப்பிடுகிற கப்பையில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மா அழுதார். எத்தனை நாளாக அதைச் சுமந்திருந்தாரோ.

மருத்துவம் மாறியது

இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் நிறுத்தினார். கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. சுரக்க ஆள் குறைந்துபோன இடத்தில் விரட்டி என்ன பயன். மெட்ஃபார்மின் அவருடைய பசியையும் வயிற்றையும் இன்னும் கெடுத்துக்கொண்டிருந்தது. இன்சுலின் ஊசி ஆரம்பித்தோம். கூடவே செரிமான நொதி கேப்சூல், ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தோடு. வெறும் வயிற்றில் போட்டால் வீண், சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பலன் குறையும். இந்த ஒன்றைப் புரியவைக்க இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது. ஒரு கேப்சூல் விலைக்கு ஒரு வேளைப் பலகாரம் சாப்பிடலாம். அவர் சிக்கனம் பிடித்து ராத்திரிக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்ததை மூன்றாவது வாரம்தான் ஒத்துக்கொண்டார்.

எண்ணெய் செரிக்காத உடம்பில் எண்ணெயில் கரையும் வைட்டமின்களும் நிற்காது. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போகிறவர். கொஞ்ச நாளாக இருட்டில் மரம் சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருக்கிறார். விழித்திரையைப் பரிசோதித்ததில் சர்க்கரையால் பாதிப்பு இல்லை. வைட்டமின் ஏ, டி கொடுத்தபின் இரண்டு மாதத்தில், "விளக்கு நல்லாத்தான் இருந்திருக்கு சிஸ்டர்" என்றார்.

சாப்பாடு பற்றி நான் முன்பு கொடுத்த தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன். முட்டை, மீன், பருப்பு, சோறு, எல்லாம் சாப்பிடச் சொன்னேன். பீடியையும் கள்ளையும் மட்டும் விடச் சொன்னோம். கெட்டுப்போன கணையத்துக்கு இரண்டும் விஷம். கள் உடனே நின்றது. பீடி ஒரு வருடம் இழுத்தது.

ஊசியில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம், அவரும் நானும். முதலில் எல்லாருக்கும் போலக் காலையும் இரவும் கலப்பு இன்சுலின். இரவு போட்ட ஊசியின் மெதுவாக வேலை செய்யும் பாகம் விடியற்காலையில் உச்சத்துக்கு வரும். எல்லாரும் தூங்கும் அந்த நேரத்தில் இவர் சரிவில் ஏறிக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஐந்தரை மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, கத்தியைப் போட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்துவிட்டார். அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர் பிளாஸ்கில் இருந்த கட்டன்சாயாவில் சர்க்கரை அள்ளிப் போட்டுக் குடிக்கவைத்தார். சர்க்கரை இறங்கும்போது அதைத் தூக்கிவிடும் குளுக்ககான் என்ற சுரப்பும் கணையத்தில்தான் உண்டாகிறது. இவருக்கு அதுவும் குறைந்துபோயிருந்தது. அதனால் இறங்கினால் மற்றவர்களைவிட ஆழமாக இறங்கும், தானாக ஏறாது.

அதன் பிறகு டாக்டர் அவருடைய நாளைக் கேட்டுவிட்டு ஊசியை அமைத்தார். மூன்றரைக்கு எழுந்து ஒரு ஏத்தம்பழமும் இனிப்பில்லாத சாயாவும். வெட்டி முடித்து ஒன்பது மணிக்கு முதல் முழுச் சாப்பாடு, அதற்கு முன் பெரிய ஊசி. இரவு ஊசியின் அளவு குறைந்தது. சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பார்ப்பது. உடன் வேலை செய்யும் நாலு பேருக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு பக்கமும் வாங்குவதில் உள்ள சிக்கலை இப்போது சொல்கிறேன். ஐந்தாவது மாதம் திடீரென்று சர்க்கரை 340. சாப்பாடு சரி, ஊசி சரி, நேரம் சரி. பையைத் திறக்கச் சொன்னேன். குப்பி ஒரு பக்கம் வாங்கியது, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. சிரிஞ்சு மறுபக்கம் வாங்கியது, அதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்துக்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் 12ஆம் கோடு வரை இழுத்தால் 0.12 மில்லிதான் வரும், உள்ளே போவது 4.8 யூனிட். மூன்று வாரமாகப் பாதி அளவுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. மாறி நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு போயிருக்கும். இதைப் படிப்பவர் வீட்டில் யாராவது குப்பியிலிருந்து இன்சுலின் எடுப்பவராக இருந்தால், குப்பியில் உள்ள எண்ணையும் மூடியின் நிறத்தையும் இன்றைக்கே ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டாவது மாதம் பதினொரு நாள் இன்சுலின் போடாமல் இருந்தார். சந்தையில் ஒருவர் பொடி விற்றிருக்கிறார். நோயை வேரிலேயே அறுத்துவிடும், ஊசி வெறும் இலையைக் கிள்ளுகிற வேலை என்று பேசியிருக்கிறார். வரும்போது 430, இரண்டு கிலோ இறங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் தம்பி மேல் வரவில்லை. வேர் எது என்று கேட்பது சரியான கேள்வி. ஆறு வருடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் அதைக் கேட்டதில் என்ன தப்பு? அவரை உட்காரவைத்து எக்ஸ்ரேயை மறுபடி மாட்டினேன். "தம்பி, வேர் இதுதான். பார்த்தாச்சு. இதைப் பிடுங்க முடியாது. இது செய்யாம விட்ட வேலையை வெளியிலிருந்து செய்யுறதுதான் ஊசியும் கேப்சூலும்." வெகுநேரம் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு ஊசிகூட விடவில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு வேரைப் பற்றி நான் வேறு மாதிரி பேசுவேன். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு பலருக்கு வேர். எடை நன்றாகக் குறைந்தால் மாத்திரை இல்லாமலே சர்க்கரை சீராகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில் உணவை வெகுவாகக் குறைத்து எடை குறைத்த குழுவில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் அப்படி நடந்தது. அந்தச் செய்தியை யாரோ கைபேசியில் இவருக்கும் அனுப்பியிருந்தார்கள். 44 கிலோ மனிதர் எடை குறைக்க முயன்றால் என்ன ஆகும்? ஒருவருக்கு மருந்தாகும் பட்டினி இன்னொருவரை முடித்துவிடும்.

பதினான்கு மாதம் கழித்து எடை 53 கிலோ, எச்.பி.ஏ.1.சி. 7.6. இன்னும் இறக்கலாம், ஆனால் சரிவில் வேலை செய்கிறவருக்கு இதைவிட இறுக்கிப்பிடிக்க டாக்டருக்கு மனமில்லை. வெளிக்குப் போவது நாளுக்கு ஒரு தடவை. வலி மறுபடி வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறோம். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதையும் மறைக்காமல் சொன்னோம். இடுப்பில் இப்போது பெல்ட்.

போன மாதம் வரும்போது தன் தம்பியைக் கூட்டிவந்தார். பதினேழு வயது, பன்னிரண்டாவது படிக்கிறான். சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான் என்றார். இந்த நோய் சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வரும். எக்ஸ்ரேயில் கல் இல்லை, ஸ்கேனில் கணையம் சரியாக இருக்கிறது, சர்க்கரை 92. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அவன் பெயருக்குப் புது நோட்டு போட்டேன். எடைக்கு நேரே 46 என்று எழுதிவிட்டு, வலி எந்த வயதில் ஆரம்பித்தது என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதினேன்.